ஒன்பதாவது தட்டு

மங்கையர்க்கரசி கடைக்குப் போகிற அழகே தனி. முதலில் ஒரு துண்டுத்தாளில் பட்டியல் எழுதுவாள்: புளி, துவரம்பருப்பு, பெருங்காயம், பாத்திரம் தேய்க்கிற சோப்பு. எழுதி முடித்த சூட்டோடு ஒவ்வொன்றின் பக்கத்திலும் டிக் போட்டுவிடுவாள். அதற்கப்புறம்தான் பையைத் தேடுவாள். "டிக்கு விழுந்துட்டுன்னா மனசுக்குப் பாதி வேலை முடிஞ்ச மாதிரி" என்பது அவள் கட்சி. மீதிப் பாதி எப்படி முடியும் என்பது பல்கலைக்கழகக் குடியிருப்பில் பி பிளாக்குக்கே தெரியும். மாதம் இரண்டு தடவையாவது புளி வாங்க மறந்து வந்து எதிர்வீட்டு ஆவுடைநாயகியின் கதவைத் தட்டுவாள். புளி கேட்கப் போனவள் புளியோடு மட்டும் திரும்பியதாகச் சரித்திரம் கிடையாது. அந்த வீட்டுச் சேதி, அதற்கு மேல்வீட்டுச் சேதி, மொட்டைமாடியில் யார் துணி காய்கிறது, யார் துணி மூன்று நாளாகக் காயவில்லை என்பது வரை முந்தானையில் முடிந்துகொண்டு வருவாள்.

இவ்வளவு பேசுகிறவளுக்கு வாய்த்த உத்தியோகமோ, பேச ஆளே இல்லாத உத்தியோகம். பல்கலைக்கழக ஆய்விதழ் அலுவலகத்தில் அச்சுப் பிரிவு. பிரிவு என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். மாடிப்படிக்கும் வண்டி நிறுத்தத்துக்கும் நடுவில் ஓர் அறை. ஓர் அச்சு இயந்திரம், தைக்கிற இயந்திரம் ஒன்று, அப்புறம் மங்கையர்க்கரசி. ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம்.

கட்டுரை அனுப்புகிறவர்களுக்கு ஒரு படிவம் உண்டு. அதில் இரண்டு கட்டம். ஒன்று உயிர்ப்பதிப்பு, மற்றது அச்சுப் பதிப்பு. முதலாவது கட்டாயம், இரண்டாவது அவரவர் இஷ்டம். உயிர்ப்பதிப்பு திரையில் வெளியாகும்; வெளியானதோடு சும்மா கிடக்காது. உலகத்தில் எந்த ஆய்வுக்கூடத்தில், எந்த ஆஸ்பத்திரியில் புதிதாக எது தெரியவந்தாலும் அதைப் படித்துத் தன்னைத் தானே திருத்திக்கொள்ளும். அவரவர் கருவியில் இறக்கி வைத்திருக்கும் பிரதிகளும் கூடவே திருந்திவிடும். எழுதியவர் மண்டையைப் போட்டுவிட்டாலும் கட்டுரை மட்டும் அன்றன்றைக்குப் புத்திசாலியாகிக்கொண்டே இருக்கும். இப்படியொரு வசதி இருக்கையில், போட்டது போட்டபடி கிடக்கிற காகிதம் யாருக்கு வேண்டும்?

மாப்பிள்ளைகளுக்கு வேண்டும்.

அச்சுப் பிரிவை இழுத்து மூடாமல் வைத்திருப்பதே நிச்சயதார்த்தங்கள்தான். பெண்வீட்டுக்குக் கொண்டுபோகிற வரிசையில் பழத்தட்டு, பூத்தட்டு, சேலைத்தட்டுக்குப் பக்கத்தில், மாப்பிள்ளை எழுதிய ஆய்வுக் கட்டுரையை அச்சடித்துத் தைத்து, வெற்றிலை மேல் வைத்து, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி ஒரு தட்டு. பெண்ணும் ஆராய்ச்சி செய்தவளானால் எதிர்த்தட்டு வரும். இந்தப் பழக்கம் மாவட்டம் பூராவும் பரவி ஒன்பது வருஷமாகிறது. தொடங்கி வைத்தது யார் என்று கேட்டால் மங்கையர்க்கரசி முதுகை நிமிர்த்திக்கொண்டு உட்காருவாள். முதல் தட்டைத் தூக்கிக்கொண்டு போன கை அவளுடைய கை.

அன்று செவ்வாய்க்கிழமை. கோவில்பட்டி மாப்பிள்ளை ஒருவருடைய கட்டுரைக்கு அட்டை ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"அச்சு ஆபீஸ் இதுதானம்மா?"

வாசலில் நின்றவளுக்கு ஐம்பது வயது இருக்கும். கழுத்தில் சின்னச் சிலுவை. மடிப்பு பிசகாமல் பின் குத்திய சேலை. ஒருகாலத்தில் சீருடை போட்டவள் என்று மங்கையர்க்கரசி உடனே எடை போட்டுவிட்டாள். மூக்கில் ஒரு கண்ணாடி. ஆனால் அறையைச் சுற்றிப் பார்த்ததெல்லாம் கண்ணாடிக்கு மேலாகத்தான். அதையும் மங்கையர்க்கரசி குறித்துக்கொண்டாள்.

"வாங்க, வாங்க. யாருக்கு, மகனுக்கா? நிச்சயம் என்னைக்கு?"

"நிச்சயம்லாம் இல்லம்மா. பழைய கட்டுரை ஒண்ணு. ஒம்பது வருஷம் ஆச்சு. அதை அச்சுல போட்டீங்களான்னு தெரியணும்."

"அதுக்கு ஏன் இவ்வளவு தூரம் வந்தீங்க? திரையில தொறந்தா அது பாட்டுக்கு இருக்குமே."

"திரையில பாத்துத்தான் எனக்கு வேலை போச்சு."

இதற்கு மேலும் நின்றுகொண்டிருக்க மங்கையர்க்கரசி என்ன கல்லா? நாற்காலியை இழுத்துப் போட்டாள், பிளாஸ்கிலிருந்து டீயை ஊற்றினாள், அட்டைப் பசையை மூடி வைத்தாள்.

வந்தவள் பெயர் ஜெபக்கனி. செம்மணல் தேரிக்காட்டுப் பக்கம் ஓர் ஊரில் கிராம சுகாதார நர்ஸாக இருந்தவள்.

"அந்த வருஷம் பிள்ளைங்களுக்கு ஒரு காய்ச்சல் பரவுச்சு, ஞாபகம் இருக்கா? அதுக்குப் புதுசா சொட்டு மருந்து வந்துது. எத்தனை சொட்டுன்னு பாட்டில்ல போட மாட்டாங்க. அளவு மாறிக்கிட்டே இருக்கும், அதனால குடுக்கும்போது கட்டுரையைத் தொறந்து பாத்துக் குடுங்கன்னு உத்தரவு. நானும் தொறந்து பாத்தேன். நாலு வயசுப் பிள்ளைக்கு இருபத்தொண்ணுன்னு போட்டிருந்துது. எண்ணி விட்டேன். மூணு பிள்ளைங்களுக்கு."

"என்னாச்சு?"

"ரெண்டு பிள்ளை தேறிட்டு. மெர்சின்னு ஒருத்தி. அவளுக்குக் காது ரெண்டும் போயிட்டு."

மங்கையர்க்கரசி 'அய்யோ' என்றாள். அது நிஜமான அய்யோதான்.

"விசாரணை வச்சாங்க. கட்டுரையைத் தொறந்து காட்டுனாங்க. பன்னெண்டுன்னு இருந்துது. அதே தலைப்பு, அதே பேரு, அதே அட்டவணை. 'எங்கம்மா இருபத்தொண்ணு?'ன்னு கேட்டாங்க. பழசை எடுத்துக் காட்டுங்கய்யான்னு அழுதேன். பழசை வச்சிருந்தா யாராவது தெரியாம அதைப் பாத்து மருந்து குடுத்துருவாங்க, அதனால அழிச்சிருவோம், அதான் விதின்னாங்க. எனக்கே அது நியாயமாத்தான் பட்டுது."

"அப்போ உங்க மேலயே பழியைப் போட்டுட்டாங்க."

"கண்ணு சரியில்லாம தப்பாப் படிச்சிட்டான்னு எழுதி வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. மெர்சியோட அம்மா என் காலைக் கட்டிக்கிட்டு, 'யக்கா, கண்ணாடி போட்டுக்கிட்டுப் பாத்திருக்கக் கூடாதா?'ன்னு அழுதா. டாக்டர்ட்ட போனேன். கண்ணு நல்லா இருக்குன்னுட்டாரு. ஊர் விடலியே. அதுக்காக வாங்கி மாட்டுனது இது." ஜெபக்கனி கண்ணாடியைத் தொட்டாள். "வெறும் கண்ணாடி. ஒம்பது வருஷமா போட்டுப் போட்டு, நாமதான் மாத்திப் படிச்சிட்டோமோன்னு எனக்கே தோண ஆரம்பிச்சிட்டு."

"இத்தனை வருஷம் கழிச்சு இங்க எப்படி வந்தீங்க?"

"போன மாசம் அண்ணன் மகளுக்கு நிச்சயம். தட்டுல பழத்துக்குப் பக்கத்துல ஒரு புஸ்தகம். என்னதுன்னு கேட்டா, மாப்பிள்ளை எழுதுன கட்டுரையாம், அச்சுல போட்டதாம். அச்சுன்னா அது மாறாதேன்னு அப்பத்தான் உறைச்சுது. நம்ம கட்டுரையையும் யாராவது தட்டுல வச்சிருப்பாங்களோன்னு வந்தேன். எழுதுனவரு பேரு சிதம்பரதாணு."

மங்கையர்க்கரசி டீ டம்ளரைக் கீழே வைத்தாள். டாக்டர் சிதம்பரதாணு வேறு யாருமில்லை, எதிர்வீட்டு ஆவுடைநாயகியின் புருஷன். அடுத்த வாரம் துறைத்தலைவராகப் பதவி ஏற்கப்போகிறவர்.

நாக்கின் நுனி வரைக்கும் வந்ததை அவள் விழுங்கிக்கொண்டாள். முப்பது வருஷத்தில் இது முதல் தடவையாக இருக்கலாம். "பதிவேட்டைப் பாத்துச் சொல்லுதேன். வெள்ளிக்கிழமை வாங்க" என்று சொல்லி அனுப்பினாள்.

பதிவேட்டைப் பார்க்கவே வேண்டாம். சிதம்பரதாணுவின் நிச்சயதார்த்தம் அவளுக்கு அப்படியே ஞாபகம் இருந்தது. முப்பத்துமூன்று வயது வரை ஆராய்ச்சியிலேயே மூழ்கிக் கிடந்த மாப்பிள்ளை. அம்மா அப்பா கிடையாது. குடியிருப்புக்காரர்கள்தான் கூடி நின்று வரிசை வைத்தார்கள். கிளம்புகிற நேரத்தில் எண்ணினால் தட்டு எட்டு. ஒற்றைப்படையில் இருக்க வேண்டாமா? பழமும் இல்லை, கடைக்குப் போக நேரமும் இல்லை. மங்கையர்க்கரசிதான் தன் பையிலிருந்து அன்று காலை அச்சான கட்டுரையை எடுத்து, ஒரு தட்டில் வெற்றிலை பரப்பி வைத்து, மூலைக்கு மூலை மஞ்சள் தடவினாள். பெண்ணின் அப்பா மற்ற எட்டுத் தட்டையும் விட்டுவிட்டு அந்த ஒன்பதாவது தட்டைத்தான் முதலில் வாங்கினார். சபை பார்த்தது. அடுத்த முகூர்த்தத்துக்குள் நான்கு பேர் அச்சுக் கட்டத்தில் டிக் போட்டிருந்தார்கள்.

சாயங்காலம் நான்கு மணிக்கு மங்கையர்க்கரசி கிண்ணத்தோடு எதிர்வீட்டில் நின்றாள். அவள் வீட்டு டப்பாவில் அன்றைக்குப் புளி நிறையவே இருந்தது.

"ஆவுடை, ஒரு உருண்டை புளி குடேன்."

"உள்ள வாங்கக்கா. என்ன, டிக்குப் போட்டாச்சா?" ஆவுடை சிரித்தாள்.

"போட்டாச்சு, போட்டாச்சு. ஏட்டி, உன் நிச்சயத்துக்கு வச்ச புஸ்தகம் பத்திரமா இருக்கா? முதல் தட்டுன்னு ஆபீஸ்ல எல்லாருக்கும் காட்டணும்."

"பீரோல, கூறைச்சேலைக்கு அடியில."

"படிச்சியா?"

"நல்லாக் கேட்டீங்க! அதை யாருக்கா படிப்பா? எங்கப்பா கண்ணுல ஒத்தி என் கையில குடுத்தாங்க. நான் கொண்டு வந்து உள்ள வச்சேன். இவங்களே தொறந்து பாத்ததில்ல. பிரிச்சா மஞ்சள் உதிர்ந்துரும்னு நான்தான் விடல."

பாச்சா உருண்டை வாசனையோடு புத்தகம் வெளியே வந்தது. ஆவுடை புளி எடுக்க அடுக்களைக்குள் போன நேரம் பார்த்து மங்கையர்க்கரசி ஏழாம் பக்கத்தைப் பிரித்தாள். இரண்டாவது அட்டவணை. நான்கு வயதுக் குழந்தைக்கு ஒரு வேளைக்கு 21 சொட்டு.

ஒரு சேதி கையில் விழுந்தால் அவளுக்கு அடிவயிற்றில் ஒரு குறுகுறுப்பு ஓடும். இதுவும் ஓடியது. உண்மையை மறைப்பானேன்? அடுத்த வாரம் துறைத்தலைவராகப் போகிறவருடைய ஒன்பது வருஷத்துத் தப்பு, அதுவும் கூறைச்சேலைக்கு அடியில்! இதைவிடப் பெரிய சேதி இந்தக் குடியிருப்பில் இதுவரை விளைந்ததில்லை. ஆனால் குறுகுறுப்புக்குப் பின்னாலேயே மெர்சி என்ற பெயரும் வந்து நின்றது. அதனால் அவள் புளியை வாங்கிக்கொண்டு ஓடவில்லை. சிதம்பரதாணு வருகிற வரைக்கும் சோபாவிலேயே உட்கார்ந்திருந்தாள்.

அவர் வந்தார். கேட்டார். மங்கையர்க்கரசி சொன்னதைக் கேட்டு முடிக்கும் வரை செருப்பைக்கூடக் கழற்றவில்லை. பிறகு தன் கைத்திரையில் கட்டுரையைத் திறந்து புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்தார். அதில் பன்னிரண்டு, இதில் இருபத்தொன்று.

"உங்ககிட்ட நீங்க எழுதுன மூலப்படி இருக்கும்லா?" என்றாள் மங்கையர்க்கரசி.

"இருக்கு. அதுவும் பன்னெண்டுன்னுதான் சொல்லும். அதுவும் கூடவே திருந்துற கோப்புதானே."

"உங்களுக்கு ஞாபகம்னு ஒண்ணு இருக்காதா?"

"ஒம்பது வருஷமா பன்னெண்டைத்தான் பாக்கேன், மங்கையக்கா. மனசும் கூடவே திருந்திட்டு." புத்தகத்தின் எண்ணை விரலால் மூடினார், எடுத்தார். "விசாரணைக்கு என்னை யாருமே கூப்பிடல. கட்டுரை சரியா இருக்கும்போது எழுதினவனை எதுக்குக் கூப்பிடணும்? அப்படி ஒரு பிள்ளை இருக்குன்னே எனக்குத் தெரியாது."

"இந்தத் திரையெல்லாம் இழுத்து மூடிட்டு அச்சுக்கே போயிரணும். அதான் சரி" என்றாள் மங்கையர்க்கரசி, தன் தொழிலுக்குக் கிடைத்த வாய்ப்பை விடாமல்.

"அப்படிச் சொல்லாதீங்க. மூணு பிள்ளைங்களுக்கு முடியாம வந்துதுன்னு ஆஸ்பத்திரியில எழுதின அன்னைக்குச் சாயங்காலமே இது திருத்தியிருக்கணும். மூணோட நின்னுது. அச்சை மட்டும் நம்பியிருந்தா முப்பது ஆயிருக்கும். இது நல்லதுதான் பண்ணியிருக்கு." கைத்திரையை மூடினார். "ஆனா, நீ தப்புப் பண்ணிட்டேன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

அடுக்களை வாசலில் நின்ற ஆவுடை, "இப்ப என்ன செய்யப்போறீங்க?" என்றாள்.

"எழுதிக் குடுக்கப்போறேன். தப்பு என்னோடது, அந்தம்மா சரியாத்தான் படிச்சாங்கன்னு. பதவியும் வேண்டாம்."

ஆவுடை மங்கையர்க்கரசியைப் பார்த்தாள். "அக்கா, நாங்க பாட்டுக்கு இருந்தோம். நீங்க புளி கேட்டு வந்தீங்க."

கிண்ணத்தை எடுத்துக்கொள்ள மறந்து மங்கையர்க்கரசி வீடு வந்து சேர்ந்தாள்.

மறுநாள் அலுவலகத்தில் அவளுக்கு ஒரு வேலை இருந்தது. அச்சுப் பிரதியைச் சாட்சியாக அனுப்புவதானால் அதோடு திருத்தப்படியின் பக்கத்தையும் இணைக்க வேண்டும் என்பது விதி. கட்டுரை அச்சேறுவதற்கு முன் ஆசிரியர் ஒரு தடவை படித்துப் பார்த்து, சிவப்பு மையால் பிழைகளைக் குறித்துக் கொடுப்பாரே, அந்தப் படி. அதைப் பார்த்துத் திருத்துவது மங்கையர்க்கரசியின் வேலை. அந்தக் காலத்தில் அவள் திருத்தித் தருகிற பக்கங்கள்தான் அச்சுக்கும் போகும், உயிர்ப்பதிப்புக்கும் போகும்.

பழைய கட்டைப் பிரித்தாள். ஏழாம் பக்கத்தில் இரண்டாவது அட்டவணை. 21 என்ற எண் சிவப்பு மையால் அடிக்கப்பட்டு, பக்கத்தில் 12 என்று சிதம்பரதாணுவின் சாய்ந்த கையெழுத்து. ஓரத்தில் ஒரு குறிப்பு: 'இது முக்கியம். தயவுசெய்து.' அடியில் இரண்டு கோடு.

அதற்கும் பக்கத்தில் நீல மையில் ஒரு டிக்.

மங்கையர்க்கரசி உட்கார்ந்தாள். கட்டு முழுவதையும் புரட்டினாள். முப்பத்தெட்டுத் திருத்தம், முப்பத்தெட்டு டிக். அச்சான புத்தகத்தோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டாள். முப்பத்தேழு சரியாக ஏறியிருந்தன. ஏறாதது ஒன்று.

திருத்தப்படி வந்தவுடன் எல்லாவற்றுக்கும் மொத்தமாக டிக் போட்டுவிட்டு, அப்புறம் ஒவ்வொன்றாகத் திருத்துவதுதான் அவள் வழக்கம். அன்றைக்கும் அப்படித்தான். கடைசித் திருத்தத்துக்கு வந்தபோது வராந்தாவில் யாரோ ஓடிவந்து, பதிவாளர் மகள் கல்யாணம் நின்றுபோன சேதியைச் சொன்னார்கள். எழுந்து போனாள். யார் சொன்னது, பெண் என்ன சொன்னாள், மண்டபத்துக்காரன் என்ன செய்தான், எல்லாம் இன்றைக்கும் வரி விடாமல் ஞாபகம் இருக்கிறது. அரை மணி கழித்துத் திரும்பி வந்து பார்த்தபோது தாள் முழுக்க டிக். முடிந்துவிட்டது என்று கட்டி வைத்துவிட்டாள்.

இந்தத் தாளுக்கு வேறு படி கிடையாது. இப்படி ஒன்று இருப்பது சிதம்பரதாணுவுக்கே ஞாபகமில்லை. அவர் தப்பைத் தன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டுவிட்டார். ஜெபக்கனிக்கு வேண்டியது 21 என்ற எண். அது புத்தகத்தில் இருக்கிறது. இந்தத் தாள் காணாமல் போனால் யாருக்கு நஷ்டம்? காலடியில் கழிவுக்கூடை, அது நிறையக் கோவில்பட்டி மாப்பிள்ளையின் வெட்டுத் துண்டுகள். மங்கையர்க்கரசி தாளை நான்காக மடித்தாள். கூடைக்கு மேலே கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் அவள் யாரோடும் பேசவில்லை. வியாழக்கிழமை காலையும் பேசவில்லை. மொட்டைமாடியில் துணி உலர்த்தினாள், பக்கத்துக் கொடியை ஏறிட்டும் பார்க்கவில்லை. பி பிளாக் கவலைப்பட்டுப்போனது. இரண்டு வீட்டிலிருந்து ரசம் வந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள். கையில் கிண்ணம் இல்லை. ஆவுடை கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றாள். மங்கையர்க்கரசி தாளைப் பிரித்து சிதம்பரதாணுவிடம் கொடுத்தாள்.

"சிவப்பு உங்களோடது. நீல டிக்கு என்னோடது."

அவர் தன் கையெழுத்தை, ஊரில் பார்த்துப் பழகிய யாரையோ அடையாளம் கண்டுகொள்வது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ எனக்குத் தெரிஞ்சிருக்கு" என்றார் மெதுவாக. "நான் பாத்திருக்கேன். கோடு போட்டிருக்கேன்."

ஆவுடை அந்தத் தாளை வாங்கி ஓரக்குறிப்பைப் படித்தாள். அவள் முகம் சிவந்தது. "ரெண்டு நாளா இந்த மனுஷன் ஒரு வாய் சாப்பிடல. அந்தப் பிள்ளையை நான்தான் செவிடாக்கிட்டேன்னு சுவரைப் பாத்துக்கிட்டு இருந்தாங்க. இதை நேத்தே குடுத்திருக்கலாம்லா, அக்கா?"

"குடுத்திருக்கலாம்" என்றாள் மங்கையர்க்கரசி.

சிதம்பரதாணு கைத்திரையைத் திறந்து கட்டுரையின் அடியில் ஒரு குறிப்பு எழுதினார். முதலில் 21 என்று வெளிவந்தது, அது அச்சுப் பிரிவில் நேர்ந்த பிழை, செவிலியர் மேல் தவறில்லை. மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது ஏறியது. ஆவுடை மூன்று டம்ளர் காப்பி கொண்டு வந்து வைத்தாள். அதில் ஒன்று மங்கையர்க்கரசிக்கு என்பதில் அவளுக்கே சந்தேகம். காப்பி ஆறுவதற்குள் குறிப்பைக் காணோம். அந்த இடத்தில் ஒரு வரி: 'தற்போதைய அளவோடு பொருந்தாத தகவல் நீக்கப்பட்டது.'

இரண்டாம் தடவை எழுதினார். இந்தத் தடவை இன்னும் சீக்கிரமாகப் போனது. தாணு சிரித்துவிட்டார். "நம்ம ரெண்டு பேரையும் யோக்கியமாக்காம விடமாட்டேங்குது, அக்கா."

"நான் வாயால சொல்லுதேன்" என்று கிளம்பினாள் மங்கையர்க்கரசி. ஊர் முழுக்கச் சேதி சொல்ல அவளை விட்டால் ஆள் ஏது? ஏ பிளாக்கில் கீழ்வீட்டில் நடந்ததை நடந்தபடி சொன்னாள். தன் பெயரைத்தான் முதலில் சொன்னாள். சி பிளாக்குக்குப் போய்ச் சேர்வதற்குள் அந்தக் கதை அவளை முந்திக்கொண்டு போய்விட்டது. "ஏன்க்கா, தாணு சார் உங்களை மிரட்டிப் பழியை ஏத்துக்கச் சொன்னாராமே?" என்றாள் ஒருத்தி. டி பிளாக்கில், மங்கையர்க்கரசி மருந்துக் கம்பெனியில் ஏதோ வாங்கிக்கொண்டு எண்ணை மாற்றினாள் என்றிருந்தது. படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். வீட்டுக்கு வீடு கேட்கிறவர்களுக்குத் தக்கபடி திருந்திக்கொண்டே போகிற பதிப்பைத்தான் அவள் முப்பது வருஷமாக நடத்தி வந்திருக்கிறாள். அதில் யார் யாருடைய கண்ணுக்கு என்னென்ன கண்ணாடி மாட்டிவிட்டாளோ!

வெள்ளிக்கிழமை காலை, அலுவலகம் திறந்த கையோடு, இயந்திரத்தில் இருந்த கோவில்பட்டி மாப்பிள்ளையை ஓரமாக எடுத்து வைத்தாள். அரைப் பக்கத்துக்கு அடங்குகிற ஒரு தாளைத் தயார் செய்தாள். ஓட்டுவதற்கு முன்னால் நான்கு தடவை படித்தாள். அப்புறம் இருநூறு பிரதி.

ஜெபக்கனி பதினொரு மணிக்கு வந்தாள். மேசையில் ஒன்பதாவது தட்டுப் புத்தகம், சிவப்பும் நீலமும் இருந்த திருத்தப்படி, இருநூறு தாள் கட்டு, பிரதி வாங்கினவர்கள் பெயர் எழுதுகிற பதிவேடு. பதிவேட்டில் 'ஜெபக்கனி' என்று எழுதியிருந்தது. அதற்குப் பக்கத்தில் டிக் போடுகிற கட்டம் காலி. மங்கையர்க்கரசியின் கையில் மூடி திறந்த பேனா.

"புஸ்தகத்துல இருபத்தொண்ணுன்னுதான் இருக்கு" என்றாள். "நீங்க சரியாத்தான் பாத்தீங்க. அது யாரால வந்துதுன்னு இந்தத் தாள்ல இருக்கு. நானே சொல்லியிருப்பேன். என் வாயை எனக்கே நம்பிக்கை இல்ல. நீங்களே படிச்சிருங்க."

ஜெபக்கனி தாளை வாங்கினாள். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். சத்தமாகப் படித்தாள்.

"பிழைதிருத்தம். ஏழாம் பக்கம், இரண்டாவது அட்டவணையில் 21 சொட்டு என்று வெளியானது தவறு. கட்டுரையாளர் அதை 12 என்று முன்பே திருத்திக் கொடுத்திருந்தார். அந்தத் திருத்தத்தைச் செய்யாமலே செய்ததாகக் குறியிட்டவர் அச்சுப் பிரிவு மங்கையர்க்கரசி."

நிறுத்தினாள். நிமிர்ந்து பார்த்தாள். "நீங்களா?"

"நான்தான்."

ஜெபக்கனி ரொம்ப நேரம் பார்த்தாள். திட்டினால் தேவலை என்றிருந்தது மங்கையர்க்கரசிக்கு. திட்டவில்லை. ஜெபக்கனி தாளுக்குத் திரும்பி, விட்ட இடத்தைத் தேடிப் பிடித்தாள்.

"அன்று கட்டுரையைப் பார்த்து மருந்து கொடுத்த செவிலியர் ஜெபக்கனி, சரியாகவே படித்தார்."

ஜெபக்கனி அந்த வரியின் மேல் விரலை வைத்தாள்.

"இது மாறாதே?"

"மாறாது. கலெக்டர் ஆபீசுக்கு ஒண்ணு, விசாரணை வச்ச ஆபீசுக்கு ஒண்ணு, தாணு சார் கையெழுத்தோட இன்னைக்கே போகுது. உங்க ஊர்ல எல்லாருக்கும் நானே வந்து சொல்ல..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள்.

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம்" என்றாள் ஜெபக்கனி. குரலில் கோபம் இருந்தது, இருக்கத்தானே வேண்டும்? "இன்னொரு பிரதி குடுங்க. மெர்சிக்கு. இப்ப பதிமூணு வயசு, நல்லாப் படிப்பா. அவகிட்ட வாயால சொல்ல முடியாதுல்லா. தாளாக் குடுத்தாத்தான்."

மங்கையர்க்கரசி கட்டிலிருந்து ஒன்றை உருவி நீட்டினாள். பதிவேட்டில் 'மெர்சி' என்று எழுதினாள். பக்கத்துக் கட்டத்துக்குப் பேனா தானாகவே போனது. பழகிய கை அல்லவா?

பேனாவைத் தூக்கிக்கொண்டாள்.

"அவ படிச்சு முடிச்சதும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்க" என்றாள். "அப்புறமா போட்டுக்கிடுதேன்."